100 காட்டிய பட்டையும் நின்றுபோன படமும்: 7 ஆண்டு ஆன்டெனா அனுபவம்

போன மாதம் செட்-டாப் பாக்ஸ் பழுதானது. அதைப் பார்க்க வந்தவர் மொட்டை மாடிக்கு ஏறி இறங்கிய அரை மணி நேரத்தில், மாலையில் என் டிவி படம் ஏன் நிற்கிறது என்று நான் 4 ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த விடை கிடைத்துவிட்டது. அதே வாரம் நண்பன் ஒருவன் போனில் கேட்டான்: "நீ 7 வருடமாக ஆன்டெனா வைத்துத்தானே டிவி பார்க்கிறாய், நானும் போடட்டுமா?" வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். ஒரு போன் பேச்சில் சொல்லி முடிக்கிற காரணம் இல்லை அது.

எங்கள் மாடியில் நின்றால் ஒளிபரப்புக் கோபுரத்தின் சிவப்பு விளக்கு இரவில் தெளிவாகத் தெரியும். தூரம் 7 கிலோமீட்டர். நடுவே மலை இல்லை, பெரிய கட்டடம் இல்லை. டிவி வரும் யுஎச்எஃப் அலைகளைப் பிடிக்கும் யாகி ஆன்டெனா (வரிசையாகக் குச்சிகள் வைத்தது), அதன் கம்பத்திலேயே சிக்னலைப் பெருக்கும் ஒரு பூஸ்டர், கீழே 12 மீட்டர் கேபிள், டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் தரைவழி முறைக்கான பாக்ஸ். தரைவழி ஒளிபரப்புக்கு இதைவிட நல்ல இடம் அமைவது கடினம். முதல் 3 ஆண்டுகள் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி ஓடியது.

பிறகு மாலை நேரங்களில் படம் நிற்கத் தொடங்கியது. பகலில் நன்றாக இருக்கும். 7 மணிக்கு மேல் முகங்கள் சதுரம் சதுரமாகச் சிதறும், குரல் அறுந்து அறுந்து வரும், சில நொடிகள் திரை இருண்டு மீளும். ரிமோட்டை எடுத்து சிக்னல் பக்கத்தைத் திறந்தால் அங்கே இரண்டு பட்டைகள்: வலிமை, தரம். வலிமை 100. படம் செத்துக் கிடக்கும்போதும் 100. தரப் பட்டை மட்டும் 40க்கும் 90க்கும் நடுவே துடித்துக்கொண்டிருக்கும். 100 என்று பெட்டியே சொல்லும்போது மாடியில் உள்ளதைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்? நான் கோபுரத்தைச் சந்தேகித்தேன். கேபிளைச் சந்தேகித்தேன். கேபிளை முழுவதும் மாற்றினேன், கனெக்டர்களைப் புதிதாகப் போட்டேன், ஆன்டெனாவை ஒரு விரல் அளவு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் இன்னும் சக்தி வாய்ந்த பூஸ்டர் ஒன்றை வாங்கி மாட்டினேன். நிலைமை மோசமானது. பட்டை அப்போதும் 100.

பழைய அனலாக் நாட்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தவறு இயல்பாக வரும். அப்போது சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும். இன்னும் குறைந்தால் இன்னும் ஏறும். எவ்வளவு மோசம் என்று கண்ணே சொல்லிவிடும். பூஸ்டர் போட்டால் குறைவதும் தெரியும். டிஜிட்டலில் அந்தப் படிகள் கிடையாது. பிழை திருத்தும் கணக்கு தன்னால் முடிந்தவரை எல்லாவற்றையும் சரிசெய்து, குறையில்லாத படத்தையே காட்டும். அதன் எல்லையைத் தாண்டிய பிறகு ஒன்றிரண்டு டெசிபல் (சிக்னலை ஒப்பிட்டு அளக்கும் அலகு) இடைவெளியிலேயே எல்லாம் முடிந்துவிடும். அந்த விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதைத் திரையைப் பார்த்து அறிய முடியாது. அதைச் சொல்ல வேண்டியது அந்தப் பட்டைதான். அது சொல்லவில்லை என்பதுதான் என் தீராத கோபம்.

பழுது பார்க்க வந்த தம்பியிடம் கையடக்க மீட்டர் ஒன்று இருந்தது. பாக்ஸில் மின்வழங்கிப் பகுதி போயிருந்தது. அதை மாற்றிவிட்டு, நான் மாலை நேரத் தொல்லையைச் சொன்னதும் மேலே போனார். கேபிளைக் கழற்றி மீட்டரில் செருகிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த பூஸ்டர் எதற்கு?" என்று கேட்டார். சிக்னலுக்கு என்றேன். "கோபுரம் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. இதைக் கழற்றிவிட்டு ஒருமுறை பார்க்கலாம்" என்றார்.

அவர் விளக்கியதையும், பிறகு நான் படித்துத் தெளிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். யுஎச்எஃப் தொலைக்காட்சி அலைவரிசை முன்பு 470 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 862 வரை போனது. பல நாடுகளில் அதன் மேல்பகுதியை, முதலில் 790க்கு மேல், பின்னர் 694க்கு மேல், செல்பேசிச் சேவைக்குக் கொடுத்துவிட்டார்கள். என் ஆன்டெனாவும் பூஸ்டரும் பழைய அளவுக்குச் செய்தவை. 862 வரை வருவதை எல்லாம் வாங்கிப் பெருக்குபவை. நான்காம் ஆண்டில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு செல்பேசிக் கோபுரம் எழுந்தது. மாலையில் எல்லோரும் போனைக் கையில் எடுக்கும்போது அந்தக் கோபுரம் அதிகமாக அனுப்புகிறது. ஏற்கெனவே 7 கிலோமீட்டரிலிருந்து வரும் தொலைக்காட்சி சிக்னலால் நிரம்பியிருந்த பூஸ்டர் இதையும் சேர்த்துத் தாங்க முடியாமல் திணறும். தாங்க முடியாத பெருக்கி தன் உள்ளேயே புதிய இரைச்சலை உண்டாக்கும். வந்த சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத அதிர்வெண்களில் எல்லாம் குப்பை கொட்டும். நான் வாங்கிய பெரிய பூஸ்டர் அந்தக் குப்பையைக் கூட்டியது. ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து வரும் ஆற்றலும் அதனோடு கலந்த குப்பையும் வலிமைப் பட்டைக்கு ஒன்றுதான். இரண்டையும் கூட்டி 100 என்று காட்டியது.

பூஸ்டரைக் கழற்றி, 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வருவதைத் தடுக்கும் சின்ன ஃபில்டர் ஒன்றைக் கேபிளில் செருகினார். வலிமை 62க்கு இறங்கியது. தரம் 96இல் போய் நின்றது, அசையவில்லை. அன்று மாலை 7 மணியிலிருந்து 11 மணி வரை திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை கூடச் சிதறவில்லை. மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அடக்க முடியாத கோபம்தான் வந்தது. 4 ஆண்டு மாலைகள் அவை.

பட்டையில் அலகு ஏன் இல்லை? 100 என்றால் எதில் 100? ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்குத் தோன்றிய அளவுகோலை வைத்துக்கொள்கிறார். நண்பர் வீட்டுப் பாக்ஸில் 70 காட்டுவதும் என் பாக்ஸில் 70 காட்டுவதும் ஒன்றல்ல. பாக்ஸில் அலையைப் பிடிக்கும் டியூனருக்குள் இருக்கும் சில்லுக்கு சிக்னல்-இரைச்சல் விகிதம் தெரியும், திருத்துவதற்கு முன் எத்தனை பிழை, திருத்திய பின் எத்தனை பிழை என்பதும் தெரியும். அந்தக் கணக்கில்லாமல் அதனால் படத்தையே உருவாக்க முடியாது. தெரிந்த எண்ணை டெசிபலில் காட்டினால் போதும். இத்தனைக்கு மேல் இருந்தால் நிம்மதி, இத்தனைக்குக் கீழே போனால் விளிம்பு என்று பார்ப்பவருக்கே புரிந்துவிடும். வலிமை அளவுக்கு மீறினால் சிவப்பு காட்டினால் போதும். இதற்குத் தனியாக ஒரு பொருளும் தேவையில்லை, மென்பொருளில் நாலு வரி. அதைச் செய்யாமல், வண்ணம் தீட்டிய ஒரு கோட்டை நம்பி மக்களைக் கூரை ஏற விடுகிறார்கள்.

ஒளிபரப்பைப் பற்றி மட்டும் பேசினால் என்னிடம் குறை இல்லை. இருப்பதை இருக்கிறபடி சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த புயலில் மின்சாரம் போனது, அன்றிரவே இணையம் போனது, போனில் ஒரு கோடு கூட இல்லை. பாக்ஸையும் சின்னத் திரை ஒன்றையும் பேட்டரியில் இணைத்தோம். கோபுரம் அசராமல் அனுப்பிக்கொண்டிருந்தது. புயல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அந்த இரவு முழுவதும் எங்களுக்குச் சொன்னது அது ஒன்றுதான். பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்களும் எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த இரவை நினைத்தால் இந்த ஆன்டெனாவின் மேல் எனக்கு உள்ள மரியாதை இன்றும் குறையவில்லை.

மழையும் இதற்குப் பொருட்டில்லை. டிஷ் வைத்தவர்களின் சிக்னல் பத்து கிகாஹெர்ட்ஸுக்கு மேல் வருவதால் பெருமழையில் கரைந்துவிடும். யுஎச்எஃப் அலைகளின் நீளம் அரை மீட்டர் அளவு, மழைத்துளி அவற்றை ஒன்றும் செய்யாது. எதிரொலியும் அப்படித்தான். அனலாக்கில் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலை, படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் படமாக விழும். டிஜிட்டலில் தரவைச் சுமந்து வரும் ஒவ்வொரு குறியீட்டுக்கு முன்னும், எதிரொலி வந்து அடங்குவதற்காகக் காப்பு இடைவெளி ஒன்றை வைத்திருக்கிறார்கள். டி2வுக்கு முந்தைய டிவிபி-டியின் 8கே முறையில் (படத் தெளிவைச் சொல்லும் 8கே அல்ல) அது 224 மைக்ரோவினாடி வரை போகும். அந்த நேரத்தில் அலை 67 கிலோமீட்டர் பயணம் செய்யும். அந்த அளவுக்குப் பிந்தி வரும் எதிரொலியைக் கூட ஏற்றுக்கொள்கிற வடிவமைப்பு. இதை யோசித்தவர்களை வணங்க வேண்டும் என்று தோன்றும். நேரலைப் பந்தயத்தில் நாங்கள் கத்தி முடித்த பிறகுதான், இணையத்தில் பார்க்கும் பக்கத்து வீட்டில் சத்தம் எழும்.

ஒரே அலைவரிசையில் நிறைய சேனல்களை அடைப்பதால் சிலவற்றில் படம் மங்கலாக இருக்கும். வேகமாக நகரும் காட்சிகளில் அது நன்றாகவே தெரியும். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

ஏற்கெனவே ஆன்டெனா வைத்திருந்து, மாலையில் படம் உடைகிறவர்களுக்கு: கோபுரம் அருகில் இருந்தால் எதையும் வாங்குவதற்கு முன் பூஸ்டரைக் கழற்றிப் பாருங்கள். தூரத்தில் இருந்து பூஸ்டர் அவசியம் என்றால் அது ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கேபிளில் சிக்னல் தேய்ந்த பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். ஃபில்டர் போடுவதானால் பூஸ்டருக்கு முன்னால், ஆன்டெனா பக்கமாகப் போடுங்கள், பின்னால் போட்டுப் பயனில்லை. ஆன்டெனாவின் குச்சிகள் கிடையாக இருக்க வேண்டுமா, செங்குத்தாகவா என்பதைக் கோபுரம் அலையைக் கிடையாக அனுப்புகிறதா, செங்குத்தாக அனுப்புகிறதா என்பதற்கு ஏற்ப வையுங்கள். வலிமைப் பட்டையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். தரப் பட்டையை, அதுவும் படம் உடைகிற நேரத்தில் பாருங்கள்.

நண்பனுக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அவன் வீட்டிலிருந்து கோபுரம் தெரியாது. நடுவே ஒரு குன்று நிற்கிறது. அவன் விளிம்பில்தான் வாழ வேண்டியிருக்கும், அந்த விளிம்பு எங்கே என்று அவன் பாக்ஸும் சொல்லப்போவதில்லை. நல்ல இடத்தில் இருந்த எனக்கே 4 ஆண்டுகள் போயின. பாக்ஸ் செய்பவர்கள் உண்மையான எண்ணைத் திரையில் காட்டும் நாள் வரை, இதை வாங்கு என்று ஒருவரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது.

"அப்படியானால் உன்னுடையதைக் கழற்றிவிடுவாயா?" என்று கேட்டான்.

மாட்டேன் என்றேன். அடுத்த வாரம் மேல் அறைக்கும் ஒரு கேபிள் இழுக்கப் போகிறேன்.