சுவரிலிருந்து நாலரைக் கல்: ஆத்தங்குடித் தரையில் ஒன்பது வருட ஸ்பீக்கர் அனுபவம்

எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில். 2016ல் ஒரு ஜோடி புத்தக அலமாரி ஸ்பீக்கரும் சின்ன ஆம்ப்ளிஃபையரும் வாங்கினேன். ஸ்பீக்கர் எந்த பிராண்ட் என்பது இங்கே முக்கியமில்லை. அதே பெட்டிகள்தான் இன்றைக்கும் ஓடுகின்றன. ஓசையை மாற்றியதெல்லாம் அவை நிற்கும் இடம்தான்.

முதலில் வைத்தது பட்டாலையில், அதாவது கூடத்தில், வளவு என்கிற நடுமுற்றத்தைப் பார்த்தபடி. பார்க்க அம்சமாக இருந்தது, கேட்கத்தான் முடியவில்லை. ஒருதரம் கை தட்டினால் ‘டர்ர்ர்’ என்று சத்தம் சுவருக்குச் சுவர் ஓடும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், பக்கத்தில் பர்மா தேக்குத் தூண். எதுவும் சத்தத்தை விழுங்காது, பட்டதெல்லாம் திரும்பி வரும். பாட்டில் ஒரு வார்த்தை முடியும் முன்னே அடுத்தது அதன் மேல் ஏறிவிடும்.

அதனால் முகப்பை ஒட்டிய பழைய கணக்கு அறைக்கு மாற்றினேன். 12 அடி அகலம், 16 அடி நீளம். பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி, ஆளுக்கொரு மூலையில், ஐயா காலத்து மரப்பெட்டிகள் மேல் உட்கார வைத்தேன். இப்போது வேறு தொல்லை. மிருதங்கத்தில் தொப்பி, அதாவது கனத்த சத்தம் தரும் இடப்பக்கம், பேசும்போதெல்லாம் அறையே ‘கும்’மென்று அடைத்துக்கொண்டது. மதுரையில் ஒரு கடைக்காரரிடம் சொன்னேன். ஆம்ப் போதவில்லை, ஒயரையும் மாற்றுங்கள் என்றார். மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம், ‘கும்’ போகவில்லை.

தீர்வு நகர்த்துவதில் இருந்தது. எங்கள் தரைக்கல் 8 அங்குலம், அதுவே எனக்கு அளவுகோல். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே கச்சேரிப் பதிவை ஓடவிட்டு, பெட்டிகளை அரைக்கல் அரைக்கல்லாக முன்னே இழுத்தேன். பெட்டியின் முகப்புப் பலகை பின்சுவரிலிருந்து நாலரைக் கல், அதாவது 3 அடி வந்ததும் தொப்பி சட்டென்று தெளிந்தது. தோல் அதிர்வது தனியாகக் கேட்டது.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. சத்தம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். 12 அடி நீள அலை என்றால் 94 ஹெர்ட்ஸ் பக்கம். எங்கள் அறைக்கு அகலமும் 12 அடி, உயரமும் 12 அடி. ஆகவே அந்தச் சுரம் இரண்டு பக்கமும் தேங்கி நிற்கிறது. பெட்டி 3 அடி முன்னே நின்றால், பின்சுவரில் பட்டு வரும் சத்தம் 6 அடி கூடுதலாக நடந்து, அதே அலைக்கு நேர் எதிராக வந்து அதைத் தணிக்கிறது. உங்கள் அறைக்கு இந்த 3 அடி பொருந்தாது. இழுத்துப் பார்ப்பதுதான் வழி.

இப்போதைய கணக்கு: இரண்டு பெட்டிக்கும் நடுவே 10 கல், பக்கச் சுவருக்கு நாலு கல், பெட்டி வரிசையிலிருந்து என் தலை 10 கல். முதுகுக்குப் பின்னால் ஒன்பதரைக் கல் காலி. பின்சுவரில் சாய்ந்து கேட்டால் பாஸ் (அடிச்சத்தம்) வீங்கும். பெட்டிகளைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பியிருக்கிறேன், நாற்காலியிலிருந்து பார்த்தால் உள்பக்கப் பலகை கீற்றாகத் தெரியும் அளவுக்கு. நேராக வைத்தபோது பாடுபவர் ஆறடி அகலத்துக்குப் பரவி நின்றார். இப்போது நடுவில் ஓர் ஆளாக உட்கார்ந்திருக்கிறார்.

ஸ்டாண்ட் ஆசாரியிடம் செய்தது. ட்வீட்டர், அதாவது பெட்டிக்குள் உச்சச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர், காது மட்டத்தில் இருக்க வேண்டும் என்று சாதாரண நாற்காலிக்கு அளவு கொடுத்துவிட்டேன். நான் கேட்பதோ சாய்வு நாற்காலியில். நாலு அங்குலம் அறுக்கச் சொன்னபோது ஆசாரி பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

பக்கச் சுவரில் எதிரொலி எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்கக் கண்ணாடிதான் வழி. நான் கேட்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ள, மனைவி முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தினார். அதில் ட்வீட்டர் எங்கே தெரிந்ததோ அங்கேதான் சத்தம் பட்டுத் தெறிக்கிறது. அங்கே கண்டாங்கிச் சேலையை மடித்துத் திரையாக்கிப் பார்த்தேன். மெல்லிய துணி உச்சச் சத்தத்தைக் கொஞ்சம் மழுப்பியதோடு சரி. ஏதாவது கனமாக மாட்டலாம் என்றால், அப்பத்தா இந்தச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். “பாட்டுக் கேக்க செவுத்தக் கொத்துவியாப்பா?” என்று கேட்டுவிட்டார்கள். கடைசியில் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி, அந்தந்த இடத்தில் நிற்க வைத்தேன். நடுத்தரையில் கனத்த ஜமுக்காளம். அறையின் கணகணப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது. விருந்தாளி வந்தால் மெத்தைகள் போய்விடும். அந்த நாட்களில் நான் பாட்டுக் கேட்பதில்லை.

ஒன்பது வருடத்தில் பழுது என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒருமுறை அணில் ஒயரைக் கடித்தது, அவ்வளவுதான். பெட்டிகள் நடுவழியில் நிற்பதால் அறையில் பாதி போச்சு என்ற புகார் வீட்டில் உண்டு. அது நியாயம்தான்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. தவில் உரக்க வரும்போது இடது ஜன்னலின் பித்தளைத் தாழ்ப்பாள் ‘கிர்ர்’ என்கிறது. பழைய வேட்டிக் கிழிசலை மடித்து இடுக்கில் சொருகினால் நிற்கும். யாராவது காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் துணி கீழே விழுந்துவிடும். மறுபடி சொருக வேண்டும்.