உருவலாமா, எஜெக்ட் செய்ய வேண்டுமா?

காப்பி முடிந்துவிட்டது என்று திரை சொல்கிறது. பென் டிரைவை அப்படியே உருவிவிடலாமா, எஜெக்ட் (டிரைவைக் கழற்றப்போகிறேன் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கட்டளை) கொடுத்துக் காத்திருக்க வேண்டுமா? எந்தக் கம்ப்யூட்டர், எந்த டிரைவ் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

விண்டோஸில் வெளி டிரைவுக்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ‘குயிக் ரிமூவல்’ இருந்தால், எழுதச் சொன்னதைத் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் டிரைவுக்கு அனுப்பிவிடும். ‘பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்’ இருந்தால் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ரேமில் சேர்த்து வைத்துச் சாவகாசமாக எழுதும். இதில் வேகம் கூடும், ஆனால் எஜெக்ட் செய்யாமல் உருவினால் ரேமில் நின்றது போனதுதான். நடுவில் கரன்ட் போனாலும் அதே கதி. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து குயிக் ரிமூவல்தான் தானாக அமைந்திருக்கிறது. யுபிஎஸ் இல்லாத வீட்டில் அதை மாற்றவே வேண்டாம் என்பேன்.

அப்படியானால் விண்டோஸில் எஜெக்ட் தேவையே இல்லையா? காப்பி முடிந்து, பென் டிரைவில் உள்ள எந்தக் கோப்பும் திறந்திருக்கவில்லை என்றால் உருவலாம். அதிலேயே எக்செல் கோப்பைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தால் கூடாது. எழுதும்போது பிடுங்கினால் எந்த ஏற்பாடும் காப்பாற்றாது.

லினக்ஸ் கதையே வேறு. அங்கே பொதுவாகத் தேக்கி வைத்து எழுதுவதுதான் வழக்கம். தேங்கியது பழசாகிவிட்டது, எழுதியாக வேண்டும் என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் முடிவெடுக்கவே வழக்கமாக 30 விநாடி ஆகும். பென் டிரைவ் மெதுவானது என்றால், காப்பி 100 சதவீதம் காட்டிய பிறகும் நிமிடக்கணக்கில் எழுத்து ஓடும். இது தெரியாமல் அக்கா கல்யாணப் படங்களைக் காப்பி செய்து உடனே உருவினேன். கடைசிப் படங்கள் பாதி சாம்பல் நிறமாகத் திறந்தன, சில திறக்கவே இல்லை. மூலப் படங்கள் லேப்டாப்பில் இருந்ததால் தப்பித்தேன். லினக்ஸில் எஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்று அது சொல்லும்வரை பொறுங்கள். டெர்மினலில் வேலை செய்பவர்கள் டிரைவை விடுவிக்கும் ‘அன்மவுன்ட்’ கட்டளை முடிந்து கர்சர் திரும்பும்வரை டிரைவைத் தொட வேண்டாம்.

மேக்கில் எஜெக்ட் செய்யாமல் எடுத்தால் எச்சரிக்கை வரும். அங்கும் எஜெக்டே என் தேர்வு.

சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் எந்தக் கம்ப்யூட்டரிலும் எஜெக்ட்தான். இங்கே ஆபத்து கோப்புக்கு மட்டுமில்லை. மின்சாரம் திடீரென்று அறுந்தால், தட்டின் மேல் மிதந்தபடி படித்து எழுதும் ஹெட் அவசரமாக ஒதுங்க வேண்டியிருக்கிறது. ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பெரும்பாலான டிஸ்குகள் இதை தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலின் 192-ஆம் வரிசையில் எண்ணிக்கொண்டே வரும். ஒருமுறையில் கெட்டுப்போகாது, ஆனால் அது தேய்மானம். எஜெக்ட் ஆன பிறகும் சுழலும் ஓசை அடங்கட்டும், அப்புறம் கழற்றுங்கள்.

சரி, ‘பயன்பாட்டில் இருக்கிறது’ என்று விண்டோஸ் எஜெக்ட் செய்ய மறுத்தால்? எரிச்சலில் பிடுங்காதீர்கள். விண்டோஸில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்து, கெர்னல்-பிஎன்பி 225 என்ற எண்ணைத் தேடுங்கள். எந்த மென்பொருள் விடாமல் பிடித்திருக்கிறது என்று அதில் பெயரோடு இருக்கும். அதை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், சாதாரண ஷட் டவுனில் கெர்னலை உறங்க மட்டுமே வைக்கிறது. ஷிஃப்ட் அழுத்தினால்தான் முழுதாக மூடும். விளக்குகள் அணைந்ததும் டிரைவை எடுக்கலாம்.