டிரையத்லானின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிப்பது டிரையத்லான். அதன் நீண்ட தூர வடிவமான அயர்ன்மேன் பந்தயம் முடிந்த கையோடு ஒரு ஹாலில் கூட்டம் கூடும். முந்தைய நாள் ஓடிய களைப்பு தீராமல், படியில் பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்கி வருவார்கள். மைக்கில் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இருந்தால் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய், அங்கேயே கார்டைத் தேய்த்து ஆயிரம் டாலருக்கு மேல் கட்ட வேண்டும். ஆள் வரவில்லை என்றாலோ, கையில் பணம் இல்லை என்றாலோ, இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். ஹவாயின் கோனாவில் நடக்கும் உலக சாம்பியன்ஷிப்புக்குப் பல்லாயிரம் பேர் இப்படித்தான் போயிருக்கிறார்கள்.

அந்த மேஜையில் உட்கார்ந்து இடம் கொடுப்பது ஒரு கம்பெனி. தகுதி என்ன என்று வகுப்பதும் அதுதான், கட்டணம் வாங்குவதும் அதுதான். பல நாடுகளில் போட்டிக்கு அனுமதியும் நடுவர்களும் அந்தந்த நாட்டுச் சம்மேளனத்திலிருந்து வரலாம். ஆனால் "உலக சாம்பியன்" என்ற பட்டத்துக்கு வழி விடுவது கம்பெனிதான். இது சரியா என்ற கேள்வி எனக்குப் பல வருடமாக உண்டு. இன்று நம் முன்னால் மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது அயர்ன்மேன். 1978 பிப்ரவரி 18 அன்று ஓவாஹு தீவில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்த பந்தயம். ஜான், ஜூடி காலின்ஸ் தம்பதியின் யோசனை. பிறகு வலேரி சில்க் கைக்கு வந்து, அவரிடமிருந்து ஜேம்ஸ் கில்ஸ் என்ற புளோரிடா கண் மருத்துவருக்கு விற்பனையானது. 2008-இல் பிராவிடன்ஸ் ஈக்விட்டி, 2015-இல் 65 கோடி டாலருக்குச் சீனாவின் வாண்டா குழுமம், 2020-இல் 73 கோடி டாலருக்கு அட்வான்ஸ், ஓர்கிலா என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் விற்கப்பட்டது பந்தயம் மட்டுமல்ல, விதி வகுக்கும் அதிகாரமும் சேர்ந்துதான்.

இரண்டாவது, உலக டிரையத்லான் சம்மேளனம். 1989-இல் பிரான்சின் அவிஞ்ஞோனில் உருவானது, முதல் தலைவர் லெஸ் மெக்டொனால்ட். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் இந்த விளையாட்டை நுழைத்தது இதுதான். தலைவரை நாட்டுச் சம்மேளனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கின்றன.

மூன்றாவது பி.டி.ஓ., தொழில்முறை வீரர்களின் அமைப்பு. முதலீட்டாளர் மைக்கேல் மோரிட்ஸின் பணம் வந்த பிறகு எழுந்து நின்றது. வீரர்களும் பங்குதாரர்கள் என்பது இதன் தனித்தன்மை. 2024 முதல் டி100 தொடரை நடத்துகிறது: 2 கி.மீ. நீச்சல், 80 சைக்கிள், 18 ஓட்டம்.

யார் நல்லவர் என்று பொதுவாகப் பேசுவதில் பிரயோஜனமில்லை. சிக்கல் வந்த இடங்களில் யார் என்ன செய்தார்கள் என்பதுதான் உரைகல்.

பெண்கள் விஷயத்தை முதலில் எடுக்கிறேன். இதில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. சம்மேளனம் ஆரம்பத்திலிருந்தே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுத்தொகை என்று பிடிவாதமாக நின்றது. சிட்னியில் பெண்கள் போட்டிதான் முதலில் நடந்தது. கோனாவிலும் பரிசுத்தொகை சமம்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் 2015 வாக்கில் அங்கே தொழில்முறை ஆண்களுக்கு 50 இடம், பெண்களுக்கு 35. "ஐம்பது பெண்கள் கோனாவுக்கு" என்று வீராங்கனைகளே இயக்கம் நடத்தினார்கள், மனு கொடுத்தார்கள். பங்கேற்பவர்களின் விகிதப்படிதான் இடம் என்று கம்பெனி மறுத்தது. அந்த மறுப்பை எதிர்த்து முறையிட வேறு வாசல் அவர்களுக்கு இல்லை. இடங்கள் சமமாகச் சில வருடம் பிடித்தது. பி.டி.ஓ. வந்தபோது சமப் பரிசோடு, கர்ப்பிணி வீராங்கனைகளுக்கு மகப்பேறு கால உதவித்தொகையும் கொண்டுவந்தது. வீரர்கள் கையில் பங்கு இருந்தால் எதெல்லாம் விரைவில் நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது சைக்கிள்களுக்கு இடையே உள்ள இடைவெளி. வெளியாட்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒருவர் நொடிக்கு 11 மீட்டர் போகிறார். அயர்ன்மேன் நெடுங்காலம் வைத்திருந்த 12 மீட்டர் விதி என்பது, முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒரு நொடியும் கொஞ்சமும். அந்த இடைவெளியிலும் முன்னவர் காற்றைப் பிளந்து கொடுப்பதன் லாபம் பின்னவருக்குக் கிடைக்கும். பி.டி.ஓ. 20 மீட்டர் என்றது. இருபது பேர் ஓடும் பந்தயத்தில் அது எளிது. இரண்டாயிரம் பேரிடம் கட்டணம் வாங்கி ஒரே சாலையில் விடும்போது எளிதல்ல. 12 மீட்டர்படி வரிசையாக நிறுத்தினாலே 24 கி.மீ. நீளும். நியாயமான பந்தயத்துக்கு வேண்டிய இடம், விற்ற டிக்கெட்டுகளோடு மோதுகிறது. விதியும் விற்பனையும் ஒரே மேஜையில் இருந்தால் எது விட்டுக்கொடுக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் சம்மேளனத்துக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 1995-இல் முன்னணி வீரர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகலாம் என்று அதுதான் அனுமதித்தது. கூட்டமாக வரும் சைக்கிள்கள் திரையில் நன்றாகத் தெரியும், ஒலிம்பிக்ஸுக்கும் பொருந்தும். தனியாளாக எல்லாவற்றையும் சமாளிப்பதுதான் டிரையத்லான் என்று நம்பியவர்களுக்கு அது பெரிய அடி. பல போட்டிகளில் முடிவு ஓட்டத்துக்குத் தள்ளிப்போனது.

இடம் மாற்றிய கதை இன்னும் சமீபத்தியது. 2022-இல் கோனாவில் இரண்டு நாள் பந்தயம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட போட்டியாளர்கள். ஒரு சின்ன ஊர் தாங்கும் அளவு அதுவல்ல, ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். உடனே 2023 முதல் ஆண்களையும் பெண்களையும் பிரித்து, கோனாவுக்கும் பிரான்சின் நீஸ் நகருக்கும் மாறி மாறி அனுப்பினார்கள். பெண்களுக்குத் தனி நாள் கிடைத்ததைப் பல வீராங்கனைகள் மனதார வரவேற்றார்கள். பிறகு 2026 முதல் இருபாலரும் மீண்டும் கோனாவில், ஒரே நாளில் என்று இன்னொரு அறிவிப்பு. போவதும் வருவதும் அறிவிப்பாகவே வந்தன. பத்து வருடம் பயிற்சி எடுத்துக் காத்திருந்தவர் அதைப் படித்துத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

2020 கொரோனா காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. பந்தயங்கள் நின்றபோது அயர்ன்மேன் பணத்தைத் திருப்பித் தரவில்லை, வேறு தேதிக்கு மாற்றித் தருவதாகச் சொன்னது. பி.டி.ஓ. ஆண்டிறுதி போனஸை வீரர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தது. ஆனால் அதே பி.டி.ஓ. பெரிதாக ஆரம்பித்த காலின்ஸ் கோப்பை என்ற அணிப் போட்டி 2021, 2022 என்று இரண்டே தடவை நடந்து நின்றுவிட்டது. முதலீட்டாளரின் பணத்தில் ஓடும் தொடருக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு.

ஜெர்மனியின் ரோத் ஊரை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 2001-க்குப் பிறகு அயர்ன்மேன் பெயர் அங்கிருந்து பிராங்க்பர்ட்டுக்குப் போனது. ரோத்தில் வால்ஷ்ஹோஃபர் குடும்பம் சேலஞ்ச் என்ற பெயரில் பந்தயத்தைத் தொடர்ந்தது. சோலாரர் மேட்டில் சைக்கிள்கள் ஏறும்போது, சாலையின் இருபுறமும் மக்கள் நெருக்கி நின்று ஒரு ஆள் போகும் வழி மட்டும் விடுவார்கள். பெயர் போனது, அந்தக் கூட்டம் போகவில்லை. இதுவும் வியாபாரம்தான், ஆனால் ஊரோடு முகம் பார்த்து வாழ வேண்டிய வியாபாரம்.

அப்படியானால் என் தேர்வு? கோவாவில் 2019 முதல் நடக்கும் அரை அயர்ன்மேனுக்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போகிறவர்களுக்கு, ஏற்பாட்டில் கம்பெனியை மிஞ்ச ஆளில்லை என்பது தெரியும். தொழில்முறை வீரர்களின் வயிற்றுப்பாட்டுக்குப் பி.டி.ஓ. மேல். ஆனால் விதி, தகுதி, பட்டம் இந்த மூன்றும் சம்மேளனத்திடம்தான் இருக்க வேண்டும். சங்கச் சண்டைகளை நம் ஊர் விளையாட்டுகளில் பார்த்துச் சலித்தவன்தான் நானும். இருந்தும் ஓட்டுப் போட்டு இறக்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

அதனால்தான் 2023-இல் சம்மேளனம் பி.டி.ஓ.வுடன் கைகோத்து, டி100-க்கு உலக சாம்பியன்ஷிப் அந்தஸ்து கொடுத்தபோது எனக்குக் கவலை வந்தது. பட்டத்தைப் பங்கு போட்ட அந்த ஒப்பந்தத்தில், தகுதி பற்றித் தகராறு வந்தால் கடைசி வார்த்தை யாருடையது? இதைச் சம்மேளனம் வரிவரியாக வெளியிட வேண்டும். கோனாவுக்கு இடம் கொடுக்கும் முறையை மாற்றும்போதெல்லாம், கட்டணம் கட்டி ஓடுகிற, தொழில்முறையல்லாத வயதுப்பிரிவு வீரர்களின் பிரதிநிதியை அயர்ன்மேன் அந்த மேஜையில் உட்கார வைக்க வேண்டும்.