ஃபுட்பால் ஆடும் பிள்ளைக்கு ‘கணுக்கால் பேக்கேஜ்’: பணம் கட்டும் முன் படியுங்கள்

சென்னையில் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் மைதானம், வாடகைக்கு எடுத்து நடக்கும் ஃபுட்பால் அகாடமிகளில் சிலவற்றில், மாதக் கட்டணம் போக ‘ஆங்கிள் மொபிலிட்டி பேக்கேஜ்’ (கணுக்காலை நன்றாக மடங்கவைக்கும் பயிற்சி) என்று தனியாக ஒன்று விற்கிறார்கள். மூன்று மாதத்துக்கு 18,000 ரூபாய். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்காக அப்படி ஓர் இடத்தில் கட்டினோம். இன்று அவன் குதிகால் வலியோடு வீட்டில் இருக்கிறான். புகார் விசாரணையில் இருப்பதால் அகாடமியின் பெயரை எழுதவில்லை. என்ன செய்தார்கள் என்பதை எழுதுகிறேன். உங்கள் பிள்ளை போகும் இடத்திலும் இது நடந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

“சார், பையனுக்கு ஆங்கிள் ரொம்ப டைட்டா இருக்கு, இப்படியே விட்டா ஸ்பீடு வராது, லிகமென்ட் போயிடும்” என்றுதான் ஆரம்பித்தார்கள். இதில் பாதி உண்மை. உயரம் வேகமாகக் கூடும் வயதில் எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுப்பதில்லை. கெண்டைக்கால் தசை இறுகும், பாதம் மேல்நோக்கி மடங்குவது குறையும். அது குறைந்தால் குதித்து இறங்கும்போது கால் சரியாக மடங்காது. பாதி உண்மையாக இருந்ததால்தான் மற்ற பாதியையும் பெற்றோர் எல்லோரும் நம்பினோம்.

மற்ற பாதி இதுதான். சாய்வுப் பலகையில் பிள்ளையை நிற்கவைத்து, பின்னாலிருந்து இன்னொரு பையனைத் தோளில் தொங்கவிடுவார்கள். அப்புறம் தரையில் கால் நீட்டி உட்காரவைத்து, அங்கே ‘ஸ்போர்ட்ஸ் தெரபிஸ்ட்’ என்று சொல்லிக்கொள்பவர் தன் நெஞ்சைக் கொடுத்துப் பாதத்தை முட்டிப் பக்கமாக அழுத்துவார். பிள்ளை கத்தினால், “வலிச்சாத்தான் வளையும்” என்பார். ஆடுவதற்கு முன்பும் இது, ஆடி முடித்த பின்பும் இது. ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது என்று வலுவுக்கான பயிற்சி ஒன்றுகூட இல்லை.

சில வாரங்களில் மகன் நொண்ட ஆரம்பித்தான். காலையில் எழுந்ததும் விரல் நுனியில் நடந்துதான் பாத்ரூம் போவான். “குதிகால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுப்பா” என்றான். அகாடமியில் கேட்டதற்கு, “இறுக்கம் விடுது சார், நல்ல அறிகுறி” என்றார்கள், அழுத்துவதைக் கூட்டினார்கள். இதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. குதிகாலின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினார். பிள்ளை துள்ளிவிட்டான். ‘சீவர்ஸ்’ என்றார். எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் ஓடி ஆடும் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவதாம். குதிகால் எலும்பின் பின்புறத்தில், இன்னும் கெட்டிப்படாத வளர்ச்சிப் பகுதியில்தான் கெண்டைக்காலின் தசைநார் வந்து சேர்கிறது. திரும்பத் திரும்ப இழுபட்டால் அந்த இடம் புண்ணாகிறது. ஆட்டத்தைக் குறைப்பது, ஐஸ் ஒத்தடம், ஷூவுக்குள் குதிகால் மெத்தை, வலி வராத அளவுக்கு மென்மையான நீட்டல், இவ்வளவுதான் வைத்தியம். பிற்காலத்துக்குப் பாதிப்பு பெரும்பாலும் இருக்காது என்று சொன்னது ஆறுதல். ஆனால் வலிக்கும் குதிகாலை ஆள் ஏறி அழுத்துவது எரிகிற தீயில் எண்ணெய் விடுகிற காரியம் என்றார்.

அடுத்தது, கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அகாடமி கொடுத்த ரிப்போர்ட். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையில் படிந்திருக்க, முட்டியால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி விட முடிகிறதோ அதுதான் அளவு. சேர்ந்தபோது 5 சென்டிமீட்டர், இரண்டு மாதம் கழித்து 11 என்று கலர் கிராஃப் போட்டு அனுப்பினார்கள். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்: முதல் அளவில் குதிகால் தரையோடு ஒட்டியிருக்கிறது, இரண்டாவதில் ஷூ போட்டிருக்கிறான், குதிகாலுக்கும் புல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. குதிகாலைத் தூக்கினால் இன்னும் தள்ளி நின்றாலும் முட்டி சுவரைத் தொட்டுவிடும். மருத்துவமனை பிசியோ (பிசியோதெரபிஸ்ட்) வெறுங்காலில் ஒழுங்காக அளந்தபோது கிட்டத்தட்ட பழைய அளவேதான் வந்தது.

இந்தச் சோதனைக்குச் சுவரும் ஒரு டேப்பும் போதும். வீட்டிலேயே செய்யலாம். இரண்டு காலுக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, முன்பு சுளுக்கிய கால் பின்தங்கினாலோ பிசியோவிடம் காட்டுங்கள். பிசியோ என்றால் பிபிடி என்ற பிசியோதெரபி பட்டம் படித்தவர். நாலு வருடத்துக்கு மேல் படிக்கும் படிப்பு அது. எங்களுக்கு வாய்த்தவர் வைத்திருந்தது வாரக்கடைசி வகுப்பு ஒன்றின் சான்றிதழ் என்று பிறகுதான் தெரிந்தது. டி-ஷர்ட்டில் எழுதியிருப்பதை விட்டுவிட்டுப் பட்டத்தைக் கேளுங்கள்.

கணுக்காலைக் காப்பாற்றுவது நெகிழ்வு மட்டும் இல்லை. பாதம் உள்பக்கமாகப் புரளும்போது பிடித்து நிறுத்துவது காலின் வெளிப்பக்கத் தசைகள். அவற்றுக்கு வலுவும் சமநிலையும் வேண்டும். ‘ஃபிஃபா 11+ கிட்ஸ்’ என்று 7 முதல் 13 வயது வரைக்கான வார்ம்-அப் முறை ஒன்று இருக்கிறது. ஏழு பயிற்சிகள்: ஒற்றைக்கால் சமநிலை, குதித்து இறங்குதல், உடல் வலு, அடிபடாமல் விழுவதற்கான பழக்கம். பதினைந்து இருபது நிமிடத்தில் முடியும். ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் கோச்சுக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பணம் விஷயம். பாதியில் நிறுத்தியபோது, “ரீஃபண்ட் பாலிசி இல்லை சார்” என்று முடித்துவிட்டார்கள். ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. நல்லவேளையாகப் பணம் ஜிபேயில் போயிருந்தது; அந்த வீடியோவும் இருக்கிறது. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

கோடை விடுமுறைக்கு அவர்கள் புது பேட்ச் அறிவித்திருக்கிறார்கள், அதே பேக்கேஜோடு. ஓஎம்ஆர் பக்கம் இப்படிக் கட்டிய பெற்றோர் யாராவது இதைப் படித்தால், உங்களிடம் இருக்கும் வீடியோவையும் பண விவரத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.