ங்கோரோங்கோரோ சஃபாரி: அரை நாள் பத்தவே பத்தாது

தான்சானியா போறவங்க செரங்கெட்டி தேசியப் பூங்காவோட திரும்பிராதீங்க, ங்கோரோங்கோரோவுக்குன்னு ஒரு முழு நாள் ஒதுக்குங்க. நாங்க திருநெல்வேலில இருந்து குடும்பத்தோட போனோம், அருஷாவுல ஒரு கம்பெனில லேண்ட் குரூசர் புக் பண்ணிருந்தோம். டிரைவருக்கு அஞ்சுக்கு அஞ்சு, பேக்கேஜுக்கு மூணுதான், ஏன்னு சொல்லுதேன்.

ங்கோரோங்கோரோ ஒரு பழைய எரிமலை. இருபது லட்சம் வருஷத்துக்கு முந்தி வெடிச்சு உச்சி அப்படியே உள்ள இடிஞ்சு விழுந்ததுல உண்டான பள்ளம், சுத்தி 600 மீட்டர் ஒசரத்துக்கு மலைச்சுவர், உள்ள சுமார் 260 சதுர கிலோமீட்டர் தரை. விளிம்புல காலைல ஒரே மூட்டம், மாஞ்சோலைக் குளிர்லயே அசராத எங்கம்மா ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டாங்க. கீழ எறங்குனா வெயிலும் புல்வெளியும்தான்.

நம்ம முண்டந்துறைக் காட்டுல புலி இருக்குன்னு தெரியும், ஆனா கண்ணுல படாது, அம்புட்டு அடர்த்தி. இங்க மறைக்க மரமே கம்மி, அதனால வரிக்குதிரை, வில்டபீஸ்ட்ங்கற பெரிய மான், காட்டெருமை எல்லாம் கூட்டங்கூட்டமா மேயுறத நின்னு பாக்கலாம், சிங்கம் ரோட்டோரமே படுத்துக் கெடக்கு. 1962ல கடிக்கிற ஈ பெருகி இங்க உள்ள சிங்கம் பெரும்பாலும் செத்துப் போச்சாம், மிஞ்சுன கொஞ்சத்துல இருந்து வளந்த கூட்டம் இதுன்னு டிரைவர் சொன்னதுக்கப்புறம் அத விட்டு நகரவே மனசு வரல. கருப்புக் காண்டாமிருகம் தூரத்துலதான் நின்னுச்சு, வண்டி பாதைய விட்டு எறங்கக் கூடாது, நாமளும் கண்ட எடத்துல எறங்கக் கூடாது, அதனால பைனாகுலர் கட்டாயம் வேணும். உள்ள இருக்க மகாடிங்கற உப்பு ஏரியில பூநாரை, கூந்தன்குளத்துல பாத்த பழக்கம் இருந்தும் பிள்ளைங்க கத்துன கத்து! ஒட்டகச்சிவிங்கி மட்டும் பள்ளத்துக்குள்ள கெடையாது, செங்குத்தான சரிவு, அது எறங்காதுங்காங்க, பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லிருங்க.

டிரைவர் தங்கமான மனுசன். மிருகத்தப் பாத்ததும் எஞ்சின ஆஃப் பண்ணிட்டு பொறுமையா இருப்பாரு, மத்த வண்டி மாதிரி நெருக்கித் தள்ள மாட்டாரு.

ஆனா மத்தியானமே மேல ஏத்திட்டாங்க, அடுத்த ஊருக்குப் போகணுமாம். பள்ளத்துக்குள்ள எறங்க வண்டிக்குத் தனிக் கட்டணம், அரை நாள் இருந்தாலும் அதே காசுதான், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருக்கலாம்னு ரூல்ஸ் இருக்கும்போது ஏன் இப்படி அவசரப்படுத்தணும்? அதனால புக் பண்ணும்போதே உள்ள எத்தன மணி நேரம்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கிடுங்க. மத்தியானச் சாப்பாட்ட வண்டிக்குள்ளயே சாப்பிடுங்க, வெளிய பருந்து கையில இருந்தே பிடுங்கிட்டுப் போயிரும்.