ஃபயர்வால் வாங்கி 4,850 ரிங்கிட் இழந்தேன்: பிரத்தியேக வகுப்பு நடத்துகிறவர்கள் கவனிக்கவும்

நேற்றிரவு ஒரு பொட்டுத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று விடிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஆறிவிட்டால் "போகட்டும், நம் நேரம்" என்று நானே விட்டுவிடுவேன். அந்தக் கடைக்காரர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். 4,850 ரிங்கிட். இதில் பாதிக்கு மேல் என் பணமும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, இப்படி ஒரு சாதனம் வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகத் தருகிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவரிசையின் மாடியில் பிரத்தியேக வகுப்பு (டியூஷன்) நடத்துகிறேன். எட்டுக் கணினிகள் இருக்கின்றன. பள்ளி விட்டதும் எல்பில், ஹீவுட், டோவன்பி தோட்டப் பக்கங்களிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். பலர் வீட்டில் அப்பாவின் கைப்பேசியை விட்டால் இணையம் கிடையாது. கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் ஆசிரியர் கொடுத்த வேலையை என் கணினியில்தான் செய்து முடிப்பார்கள்.

சென்ற ஆண்டு இறுதியில் ஒரு தாய் வந்து, "டீச்சர், என் பிள்ளை இங்கே உட்கார்ந்து என்ன பார்க்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. எட்டுத் திரைக்கும் பின்னால் ஒருத்தி நிற்க முடியாது. பெற்றோரைக் கூட்டிப் பேசினேன். சூதாட்டத் தளங்களும் ஆபாசத் தளங்களும் கணினிக்கு வந்து சேராதபடி வாசலிலேயே தடுக்கும் ஒரு ஃபயர்வால் பெட்டி வாங்குவது என்று முடிவானது. 32 குடும்பங்கள், குடும்பத்துக்கு நூறு வெள்ளி, அதாவது நூறு ரிங்கிட். செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர் ஒருவர் அதைப் பத்தும் இருபதுமாக நான்கு தவணையில் கொடுத்தார். 3,200 சேர்ந்தது. மீதி 1,650 என் சேமிப்பு. இந்த ஊரைச் சேர்ந்த, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களின் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணத்தில் தோட்டமே வாங்கிக் காட்டினார். அப்படிச் சேர்கிற பணத்தின் மதிப்பு எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் வயிறு எரிகிறது.

கடை, கணினி வலையமைப்புச் சாதனங்கள் விற்றுப் பொருத்தித் தரும் வகை. அடுத்த பட்டணத்தில் இருக்கிறது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அங்கிருந்து வந்த தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். படியேறி வந்தவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, சுவரிலிருந்த சரஸ்வதி படத்தைத் தொட்டுக் கும்பிட்டார். "நானும் தோட்டத்துப் பிள்ளைதான் டீச்சர். என் அம்மா பால் மரம் வெட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார்" என்றார். நான் தேநீர் போடப் போனேன். திரும்பி வந்தபோது சின்னப் பையன் ஒருவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நொடியில் என் மனம் இளகிவிட்டது. விலைப்பட்டியலை மறுபடி பார்க்கவில்லை. வேறு கடையில் விசாரிக்கவில்லை. அன்று மாலையே 4,850 ரிங்கிட்டையும் முழுதாக வங்கி வழியே அனுப்பினேன். பெட்டி, பொருத்துக்கூலி, வேண்டாத தளங்களைத் தடுக்கும் வலை வடிகட்டிக்கு ஓராண்டுச் சந்தா எல்லாம் அதில் அடக்கம் என்று ரசீதில் எழுதியிருக்கிறது.

பொருத்திய அன்று எல்லார் முன்னிலையிலும் சோதித்துக் காட்டினார். மூன்று சூதாட்டத் தளங்களின் முகவரிகளைத் தட்டினார். எதுவும் திறக்கவில்லை. வந்திருந்த பெற்றோர் சிலர் கைதட்டினார்கள். பெட்டியின் முகப்பில் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. நிர்வாகக் கடவுச்சொல்லைக் கேட்டேன். "அது உங்களுக்கு எதற்கு டீச்சர், தவறிப்போய் எதையாவது அழித்துவிடுவீர்கள், நான் இருக்கிறேன் அல்லவா" என்றார். கேட்டுக்கொண்டேன். பெட்டி என்னுடையது, சாவி அவரிடம். இது எனக்கு அன்று உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து முதல் தொல்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆங்கில எழுத்துப் பழகும் ஒரு தளம் திறக்க மறுத்தது. கூப்பிட்டேன். கடையிலிருந்தபடியே தொலைவிலிருந்து ஏதோ செய்தார். ஐந்தே நிமிடத்தில் சரியாகிவிட்டது. நன்றி சொல்லி வைத்தேன்.

அடுத்த மாதம் ஒரு நாள், நான்காம் ஆண்டு படிக்கிற பையன் ஒருவன் கையைத் தூக்கினான். அருகில் போனேன். திரை முழுக்கச் சுழலும் பழப்படங்கள், "இலவச 30 வெள்ளி" என்று மினுக்கும் பொத்தான், ஓரத்தில் அரைகுறை உடையில் ஒரு பெண். பாட்டு வரியைத் தேடப் போன இடத்தில் ஒரு விளம்பரத்தைத் தொட்டிருக்கிறான். பயந்துபோய்த் தானாகவே என்னைக் கூப்பிட்ட பிள்ளை அவன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

கடைக்குப் பேசினேன். பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். மறுநாள் நானே ஒரு சூதாட்டத் தளத்தைத் தட்டிப் பார்த்தேன், அகலத் திறந்தது. மறுபடி பேசினேன். உங்கள் இணைய லைனில் கோளாறு, லைன் கொடுத்தவர்களைக் கேளுங்கள் என்றார்கள். கேட்டேன், லைன் நன்றாக இருக்கிறது. அடுத்து, சந்தா புதுப்பிக்கும் நேரம், 48 மணி நேரம் பொறுங்கள் என்றார்கள். பிறகு மூன்று நாள் எடுக்கவே இல்லை. பிறகு ஒரு பெண் எடுத்து, "பிள்ளைகள் யாராவது தடையைச் சுற்றிக்கொண்டு போகிற வி.பி.என். செயலி போட்டிருப்பார்கள், பிள்ளைகளைக் கண்டியுங்கள்" என்றார். பயந்து கையைத் தூக்கிய அந்தப் பத்து வயதுப் பையனைக் கண்டிக்க வேண்டுமாம்! அன்றுதான் எனக்கு உடம்பு நடுங்கியது. அதன்பின் இன்னொருவர், அந்தத் தம்பி வேலையை விட்டுவிட்டார், அவர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். 4,850 ரிங்கிட்டுக்கான ரசீதில் இருப்பது தம்பியின் பெயரா, கடை முத்திரையா என்று கேட்டேன். தொடர்பு துண்டிக்கப்பட்டது. மொத்தம் 23 அழைப்புகள், எண்ணி எழுதி வைத்திருக்கிறேன். கடைசியில், என்னைத் தொலைத்தால் போதும் என்றோ என்னவோ, நிர்வாகக் கடவுச்சொல்லை ஒரு குறுஞ்செய்தியில் அனுப்பி, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முடித்துக்கொண்டார்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி கோலாலம்பூரில் வலையமைப்பு வேலையில் இருக்கிறாள். பாட்டியின் திதிக்கு ஊருக்கு வந்தவளை நேற்று வரச் சொன்னேன். மடிக்கணினியைக் கம்பியில் இணைத்து அந்தக் கடவுச்சொல்லைப் போட்டாள். பத்து நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "டீச்சர், இங்கே வந்து பாருங்கள்" என்றாள்.

திரையில், எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பெட்டிக்குச் சொல்லும் இரண்டு விதிகள். இப்படிப்பட்ட பெட்டி விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும், முதலில் பொருந்துகிற விதியோடு நின்றுவிடும், கீழே இருப்பதைத் திரும்பியும் பார்க்காது என்று விளக்கினாள். கீழ் விதியில் வலை வடிகட்டி இணைக்கப்பட்டிருந்தது. மேல் விதி, எங்கிருந்து வந்தாலும் எங்கே போனாலும் எல்லாவற்றையும் விடு என்கிறது. அதில் வடிகட்டியே இல்லை. ஒவ்வொரு விதியின் ஓரத்திலும் அதன் வழியே எவ்வளவு போனது என்ற கணக்கு இருக்கும். கடைசியாக அணைத்து ஏற்றியதிலிருந்து மேல் விதியில் 140 ஜிகாபைட்டுக்கு மேல். கீழ் விதியில், வடிகட்டி இருக்கிற அந்த விதியில், 0. அந்தச் சுழியத்தை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

மேல் விதி எப்போது வந்தது என்று நிர்வாகப் பதிவேட்டில் தேடினாள். சின்னப் பிள்ளைகளின் எழுத்துத் தளம் திறக்கவில்லை என்று நான் கூப்பிட்ட அதே நாள், அதே நேரம். ஐந்து நிமிடத்தில் சரியானதன் ரகசியம் அதுதான். கதவு இறுகுகிறது என்றதும் கதவையே கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தத் தளம் ஏன் அடைபட்டது? வடிகட்டியைத் திறந்தால், தடுக்க வேண்டிய முகவரிகளின் பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தது. முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி, நடுவில் 'பெட்', பந்தயத்துக்கான ஆங்கிலச் சொல். முகவரியில் அந்த எழுத்துகள் எங்கே வந்தாலும் தடு என்று பொருள். அன்று சோதித்துக் காட்டிய மூன்று முகவரிகளிலும் அந்தச் சொல் இருந்தது. 'ஆல்ஃபபெட்' என்று பெயர் வைத்த பிள்ளைகள் தளத்திலும் இருந்தது. பெற்றோர் கைதட்டியது இந்த ஒரு வரிக்குத்தான். ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, 4,850 ரிங்கிட்.

அப்படியென்றால் சூது, ஆபாசம் என்று வகை வகையாகத் தடுக்கும் சந்தா எங்கே போனது? அதுதான் இன்னும் கொடுமை. ஒரு தளம் எந்த வகை என்பதைப் பெட்டி தானாக அறியாது. தயாரித்த நிறுவனத்தின் வழங்கிக் கணினியிடம் (சர்வர்) கேட்டுத்தான் அறியும், அதற்குத்தான் சந்தா. என் பெட்டியின் சந்தா 2022 நவம்பரிலேயே முடிந்திருந்தது. தொடர் எண்ணைத் தயாரிப்பாளரிடம் விசாரித்தால், அது வேறொரு நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருக்கிறது. யாரோ பயன்படுத்தித் தள்ளிய பெட்டியைப் புது அட்டைப்பெட்டியில் வைத்து விற்றிருக்கிறார்கள். பழைய உரிமையாளர் விட்டுக்கொடுக்காமல் என் பெயருக்கு மாற்றவும் முடியாது. சந்தா இல்லாத பெட்டி வகை கேட்டுப் பதில் கிடைக்காமல் தடுமாறும் அல்லவா? அது வெளியே தெரியாமலிருக்க, 'வகை தெரியாவிட்டால் அனுமதி' என்ற கட்டத்தில் சரிக்குறி போட்டிருந்தார்கள். அறியாமையால் செய்தது என்று நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அந்தச் சரிக்குறியைத் தேடிப்போய்ப் போட வேண்டும்.

இவ்வளவையும் சரிசெய்தாலும் வேலை முடியாதாம். இப்போதைய உலாவிகள் 'குவிக்' என்ற வேறு வழியாகவும், அதாவது யு.டி.பி. 443 என்ற வாசல் வழியாகவும் பேசும். அதைப் பார்த்துப் படிக்கத் தெரியாத பெட்டியில் அந்த வழியை அடைத்தால்தான் உலாவி பழைய பாதைக்குத் திரும்பும். பூட்டுக்குறி போட்ட தளங்களில் பெட்டிக்குத் தெரிவது பெரும்பாலும் தளத்தின் பெயர் மட்டும். உள்ளே என்ன பக்கம் என்று பார்க்க வேண்டுமானால் எட்டுக் கணினியிலும், இந்தப் பெட்டியை நம்பு என்று சொல்லும் சான்றிதழ்க் கோப்பை ஏற்ற வேண்டும். அந்தத் தம்பி ஒரு கணினியைக்கூடத் தொடவில்லை.

நேற்று மாலையே கடைக்கு மறுபடி பேசினேன். படம் பிடித்த திரைகளை அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை. அடுத்த அழைப்பில் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். தடுக்கத் தெரிந்திருக்கிறது!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது எழுத எழுதக் கை பதறுகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுப்பதற்கு முன் தொடர் எண்ணை வாங்கித் தயாரிப்பாளரிடமே விசாரியுங்கள், சந்தா எந்தத் தேதி வரை, யார் பெயரில் என்று. கடவுச்சொல் உங்கள் கையில் வரும்வரை கடைசித் தவணையைத் தராதீர்கள். அவர்கள் தட்டிக்காட்டும் முகவரியை நம்பாதீர்கள், நீங்கள் சொல்கிற முகவரியைத் தட்டச் சொல்லுங்கள். எதையாவது சரிசெய்தேன் என்றால் விதிப் பட்டியலைத் திறந்து மேலே என்ன சேர்ந்திருக்கிறது என்று அன்றே பாருங்கள். ஊர்க்காரர், தோட்டத்துப் பிள்ளை என்பதற்காக ரசீதைப் படிக்காமல் விடாதீர்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி மனுப்போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சொந்த உபயோகத்துக்கும் வீட்டுக்கும் வாங்கும் பொருளுக்கான வழி. நான் வகுப்புக்கு வாங்கினேன், அதைச் சொல்லியே கையை விரிப்பார்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கைக்கு வழக்கறிஞர் இல்லாமலே தனி ஆள் மனுச்செய்யலாம். என்னுடையது 4,850. பணம் போனது என் சொந்தக் கணக்கிலிருந்து, ரசீதும் என் பெயரில். நாளை காலை போகிறேன்.

பெட்டியைக் கழற்றி மேசைக்கடியில் வைத்துவிட்டேன். கணினி அறையை இந்த வாரம் திறக்கப் போவதில்லை. 32 வீட்டுக்கும் நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். நான்கு தவணையில் நூறு வெள்ளி கொடுத்தவர் வீட்டுக்கு முதலில் போகிறேன்.