ஆளுநர் பதவிக்கு வரம்பு: டெக்சாஸா, வர்ஜீனியாவா?

டெக்சாஸில் வாக்களித்திருக்கிறேன், இப்போது வர்ஜீனியாவில் வாக்களிக்கிறேன். அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், ஏறக்குறைய நம் முதலமைச்சர் மாதிரி. டெக்சாஸில் அவர் ஜெயிக்கிற வரை நீடிக்கலாம். வர்ஜீனியாவில் நான்கு ஆண்டு முடிந்ததும் இறங்கியாக வேண்டும். ஒரு தவணை இடைவெளி விட்டுத்தான் மறுபடி நிற்கலாம். என் ஓட்டு வர்ஜீனியா முறைக்குத்தான்.

அனுபவமா, புதுமுகமா என்ற வாதம் எல்லாரும் கேட்டதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது நியமனம்.

டெக்சாஸில் ஆளுநர் ஆள் போடும் பெரும்பாலான அரசு வாரியங்களில் உறுப்பினர்களுக்கு ஆறு ஆண்டுக் காலம்; இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் மாறுவார்கள். ஒரே தவணையில் ஓர் ஆளுநரால் எல்லாரையும் மாற்ற முடியாது. ஆனால் ரிக் பெர்ரி 2000 டிசம்பரிலிருந்து 2015 ஜனவரி வரை இருந்தார். அப்புறம் வந்த கிரெக் அபட்டும் தொடர்ந்து ஜெயித்தார். இத்தனை காலம் இருந்தால் அந்தத் தடுப்புக்கு என்ன வேலை? 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் மின்சாரம் நின்று ஊரே உறைந்தது. மின்துறையைக் கண்காணிக்கும் ஆணையத்தில் இருந்த மூவரும் அபட் நியமித்தவர்கள். மூவரும் அடுத்தடுத்து விலகினார்கள். அந்த இடங்களுக்கு ஆள் போட்டதும் அவரேதான். மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டின் ஒப்புதல் வேண்டும், சரி. பெயரை முன்வைப்பது ஒரே கை.

வர்ஜீனியா பல்கலைக்கழக ஆட்சிக்குழுவைப் பாருங்கள். உறுப்பினர்களுக்கு நான்கு ஆண்டு. வருடா வருடம் சிலர் மாறுவார்கள். புது ஆளுநர் வரும்போது முந்தையவர் போட்டவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி ஆண்டு ஜூலையில் குழு முழுக்க இவர் நியமித்தவர்களாகிவிடும். அடுத்த ஜனவரியில் இவரே கிளம்ப வேண்டும்.

குறையும் உண்டு. வர்ஜீனியாவில் பட்ஜெட் இரண்டு ஆண்டுக்கானது. பதவி விட்டுப் போகிறவர் டிசம்பரில் ஒன்றை வைத்துவிட்டுப் போகிறார். புதியவர் அதில் திருத்தம்தான் கேட்கலாம். தானே போட்டுத் தானே நடத்தும் முழு பட்ஜெட் அவருக்கு ஒன்றே ஒன்று. ‘இவர் எப்படியும் போகப்போகிறவர்தானே’ என்று அதிகாரிகள் கோப்புகளை இழுத்தடிக்கிறார்களா என்பதை அடித்துச் சொல்லும் அளவுக்கு நான் இங்கே இன்னும் இருக்கவில்லை.

சட்டத்தைச் சுற்றிப் போகவும் வழி உண்டு. அலபாமா மாநிலத்தில் தொடர்ந்து நிற்க முடியாத ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், 1966இல் மனைவி லர்லீனை நிறுத்தி ஜெயிக்க வைத்தார். அந்த மாநிலம் 1968இல் தொடர்ந்து இரண்டு தவணைக்கு இடம் கொடுத்தது. பல மாநிலங்களில் இப்போது இருப்பதும் அந்த எட்டு ஆண்டு முறைதான். அது எனக்கு இரண்டாம் பட்சம்.

வர்ஜீனியாவிலும் துணை ஆளுநருக்கும் அட்டர்னி ஜெனரலுக்கும் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) வரம்பு இல்லை. அந்த இரண்டு பதவிகளுக்காவது எட்டு ஆண்டு என்று வைக்கலாம்.